சூரனுக்குக் கால் கிடையாது

அக்டோபர் 14

புயல் வருகிறதாம்.

எங்கள் ஊர் தர்மபுரிப் பக்கம். அங்கே காற்று பலமாக அடித்தால் புளியம்பழம் விழும், பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். இங்கே காற்று அடிக்கப்போகிறது என்று யாராவது சொன்னாலே கிராம நிர்வாக அலுவலர் மெகாபோனைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டும். அந்த அலுவலர் நான்தான்.

ஈச்சங்கோட்டகத்துக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. இந்த ஊரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? கிழக்கே கடல், மேற்கே வடிகால் வாய்க்கால், நடுவில் உப்புக்காற்றில் துருப்பிடித்த என் ஸ்கூட்டி. வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் மேலவெளி. அங்கே மேட்டில், பள்ளிக்கூடத்தை ஒட்டி, புயல் பாதுகாப்பு மையம். ஊரைக் காலி செய்து அங்கே சேர்க்கச் சொல்லி உத்தரவு. ஆடுகள் உட்பட எல்லோரையும் சேர்த்துவிட்டேன். கத்திக் கத்தி எனக்குக் குரல் போய்விட்டது. என் உதவியாளர் வைரக்கண்ணு பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டியதால் அவருக்குக் குரல் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 16

புயல் வரவில்லை.

நேற்றுக் காலை வரை எங்களையே குறிவைத்து வந்தது. மத்தியானம் வடக்கே திரும்பி ஆந்திராப் பக்கம் போய்விட்டது. இங்கே ஒரு தூறல்கூட இல்லை, சுள்ளென்று வெயில். அந்த வெயிலில் மொத்த ஊரும் மையத்துக்குள் அடைந்து கிடந்து வேளாவேளைக்கு உப்புமா சாப்பிட்டது.

திரும்பிப் போகும்போது பாலத்தில் மீன் விற்கும் அமிர்தவல்லி என்னை நிறுத்தினார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஆனால் குரலுக்கு வயதே கிடையாது. "ஏம்மா, புயல் வருதுன்னுல்ல சொன்னிய, உப்புமால்ல வந்துச்சு!"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபம் வந்தால் சிரிப்பது எனக்கு நன்றாக வரும்.

சாயங்காலம் சகுந்தலாவுக்குப் போன் போட்டேன். விடுதியில் என் அறைத்தோழி, இப்போது சென்னையில் வானிலை வரைபடங்களைப் பார்த்துப் பலன் சொல்லும் வேலை.

"உன் புயல் என்னை ஏமாத்திடுச்சுடி."

"அது என்னடி பண்ணும், பாவம். புயலுக்குக் கால் கிடையாது. தானா எங்கயும் போகாது. சுத்தி இருக்கிறவங்க எந்தப் பக்கம் தள்றாங்களோ அந்தப் பக்கம் போகும்."

"யாரு தள்றது?"

"வடக்கே பெரிய உயர் அழுத்தம் ஒண்ணு சுவர் மாதிரி நிக்கும். அதோட தெற்கு ஓரமா காத்து கிழக்கேருந்து மேற்கே ஓடும். புயல் அந்தக் காத்துல மாட்டினா நேரா உங்க ஊருதான். ஆனா வடநாட்டு மேல, மேற்கேருந்து வேற ஒரு காத்தலை வந்து அந்தச் சுவரை உடைச்சா, புயல் அந்தச் சந்துல பூந்து வடக்கே போயிடும். இந்தத் தடவை சுவர் உடைஞ்சிடுச்சு."

"முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"சுவர் எப்ப உடையும்னு துல்லியமா தெரிஞ்சா நான் ஏன்டி இன்னும் வாடகை வீட்டுல இருக்கேன்?"

அவ்வளவு பெரிய புயலுக்கே சொந்தப் புத்தி கிடையாது என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அக்டோபர் 17

அப்பா எனக்குக் கோகிலவாணி என்று ஆசையாகப் பெயர் வைத்தார். இன்றிலிருந்து நான் உப்புமா மேடம். இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 31

தீபாவளி. விடுப்பு கிடைக்கவில்லை. அம்மா போனில் அழுதாள், நான் அழவில்லை, ஜலதோஷம். அமிர்தவல்லி வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. "உப்புமா இல்ல, பயப்படாம சாப்புடச் சொல்லு" என்று சொல்லியும் அனுப்பியிருந்தார். அதிரசம் நன்றாக இருந்தது. பாராட்டுவதற்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

நவம்பர் 2

இன்று ஒரு கூத்து.

முருகன் கோயிலில் கந்த சஷ்டி ஆரம்பம். விழாவுக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று குருக்களிடம் கேட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். போனால், வரிசையில் வாருங்கள் என்றார்கள். அரசாங்க ஊழியர் வரிசையை மதிக்க வேண்டுமே என்று நின்றேன். என் முறை வந்ததும் குருக்கள் கேள்வியைக் கேட்க விடாமல் என் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். பிரசாதம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வாசலில் அமிர்தவல்லி, கையில் அதே கயிறு. என் கையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"காப்பால்ல கட்டிக்கிட்டு வந்திருக்கிய!"

"கட்டினா என்னங்க?"

"என்னாவா? ஆறாம் நாளு சூரசம்காரம். மறுநா திருக்கல்யாணத்துலதான் காப்பு அவுக்குறது. அது வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டப்புடாது. கறி, மீனு ஆவாது. நானே யாவாரத்த மூட்டை கட்டி வச்சிட்டேன்."

பாதி ஊர் காப்புக் கட்டியிருக்கிறது. அமிர்தவல்லிக்கு இது சும்மா விரதம் இல்லை. திருவாரூரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பல வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறதாம். அதற்கான வேண்டுதல். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் சின்னதாகிவிட்டது.

எனக்கு எந்த வேண்டுதலும் இல்லை. கயிறுதானே, டிராயரில் கத்தரிக்கோல் இருக்கிறது. நாளைக்கு வெட்டிவிடலாம்.

நவம்பர் 3

இடமாற்றக் கலந்தாய்வு ஐந்தாம் தேதி, மாவட்ட அலுவலகத்தில். தர்மபுரியில் ஓர் இடம் காலி! அம்மாவிடம் சொன்னேன், இப்போதும் அழுதாள், இது வேறு அழுகை.

டிராயரில் கத்தரிக்கோலைக் காணோம். நன்றாகத் தேடவில்லை, வேலை அதிகம்.

அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதாம். எனக்கென்ன?

நவம்பர் 4

கோயில் கொட்டகையில் சூரனுக்கு ஒத்திகை. பாதுகாப்பு ஏற்பாட்டைப் பார்க்கத்தான் போனேன்.

சூரன் இரண்டு ஆள் உயரம். மூங்கில், காகிதக்கூழ், முறுக்கிய மீசை, உருட்டும் கண், உடம்பெல்லாம் பச்சைச் சாயம். நீண்ட தண்டுகளின் மேல் கட்டி ஆட்கள் தோளில் தூக்குகிறார்கள். சுற்றிலும் வேட்டியைத் தொங்கவிட்டிருப்பதால் தூக்குபவர்கள் வெளியே தெரிவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சூரனே கோபப்பட்டு, தலையைச் சிலுப்பி, மேலே பாய்வதுபோல் இருக்கிறது. நானே இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

தூக்குபவர்களுக்குத் தலைவர் உத்திராபதி. மற்ற நாட்களில் லாரி ஓட்டுகிறார். வேட்டியைத் தூக்கி உள்ளே காட்டினார்.

"பாத்துக்குங்க மேடம். சூரனுக்குன்னு கால் கெடையாது. வலது தண்டுக்காரன் அமுக்குனா இடது பக்கம் போவான், இடது தண்டுக்காரன் அமுக்குனா வலது பக்கம். ரெண்டு பேரும் ஒரே மாதிரி அமுக்குனா நின்ன எடத்துல ஆடிக்கிட்டு நிப்பான்."

சகுந்தலா போனில் படித்துப் படித்துச் சொன்னது எனக்கு அந்தக் கொட்டகையில்தான் புரிந்தது. உடனே அவளைக் கூப்பிட்டு, உன் புயல் எங்கள் ஊர் சூரன்தான் என்றேன். "எங்கள் ஊரா?" என்று கேட்டாள். வாய் தவறிவிட்டது என்றேன்.

நவம்பர் 5

கலந்தாய்வுக்குப் போகவில்லை.

போகத்தான் கிளம்பினேன். பாலத்தடியில் ஸ்கூட்டி நின்றுவிட்டது. பெட்ரோல் இருந்தது. பிரேக்கைப் பிடித்தது என் கைதான், ஏன் பிடித்தது என்று கைக்குத்தான் தெரியும். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த பெண்கள் என் காப்பைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். அரை மணி நேரம் எதிர்ப்பக்கத்து வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வைரக்கண்ணு எதுவும் கேட்காமல் டீ வாங்கிவந்து கொடுத்தார். அவர் செய்த முதல் வேலை.

புயலும் நடுக்கடலில் அப்படியே நிற்கிறதாம். "ரெண்டு பக்கமும் சமமா தள்ளுதுடி, எங்க போறதுன்னு தெரியாம நிக்குது" என்றாள் சகுந்தலா. அதன் நிலைமை எனக்குப் புரிகிறது.

நவம்பர் 6

காலையில் சகுந்தலாவே கூப்பிட்டாள். சிரிப்பில்லை. "வடக்கே சுவர் திரும்பவும் கெட்டியாயிடுச்சு கோகி. உடைக்க எதுவும் வரலை. நாளைக்கு இருட்டினதும் உங்க ஊருக்குப் பக்கத்துலயே கரையேறும். கடல் உள்ள வரும். இந்தத் தடவை திரும்பாது."

உத்தரவும் வந்தது. மெகாபோனை எடுத்தேன். யாரும் அசையவில்லை. "உப்புமாவுக்கு ரவை வறுத்தாச்சா மேடம்?" என்று ஒரு வீட்டிலிருந்து குரல். காப்புக் கட்டாத பாதி, காப்புக் கட்டிய பாதியை விட்டுவிட்டு வராது. காப்புக் கட்டிய பாதி எல்லையைத் தாண்டாது.

என் சாமர்த்தியத்தைக் காட்டினேன். வருவாய்த் துறை வரைபடத்தைக் கோயில் வாசலில் விரித்து, "பாருங்க, அரசாங்கக் கணக்குப்படி மையம் இருக்கிற மேடும் ஈச்சங்கோட்டகம்தான். எல்லை அதுக்கு அந்தப் பக்கம்" என்றேன். பொய்யில்லை, உண்மைதான்.

அமிர்தவல்லி வரைபடத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அது கவர்மெண்டு எல்லை. முருகனுக்கு எல்லை பாலந்தான். அவரு ஒங்க தாலுக்கா ஆபீசுல மனு குடுத்தா எல்லையப் போட்டாரு?"

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "உங்க வீடு கடலோரமா, பள்ளத்துல இருக்குங்க. தண்ணி வந்தா முதல்ல உங்க வீட்டுக்குத்தான் வரும். செத்துப்போயிடுவீங்க" என்று கத்தினேன்.

அவர் கத்தவில்லை. "நான் செத்தா செத்துட்டுப் போறேன். எல்லையத் தாண்டி எம்மவ வயித்துல இருக்குற புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, நீங்க ஜவாப் சொல்லுவியளா?"

மெகாபோனை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்தப் பொம்பளை செத்துவிடக் கூடாது. இந்த ஊரில் ஒருத்தரும் செத்துவிடக் கூடாது. உத்தரவுக்காக இல்லை, எனக்குத் தாங்காது.

மத்தியானம் குருக்களைப் பார்த்து, நாளைச் சாயங்காலம் காற்றில் விளக்கு நிற்காது, சூரசம்காரத்தை மத்தியானமே வைத்துவிடலாமே என்றேன். அதற்கு ஒப்புக்கொண்டார். பிறகு கொட்டகைப் பக்கம் போய் உத்திராபதியிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். புராணம் பற்றித்தான்.

"சூரன் எதுவரைக்கும் பின்வாங்குவான்ங்க?"

"தேரடி வரைக்கும் மேடம். அங்க வதம்."

"தேரடியில நிக்காம ஓடிட்டா?"

"அதெப்படி ஓடுவான்? ஓடுனா சாமி தொரத்தித்தான் ஆவணும். வதம் பண்ணாம சாமி கோயிலுக்குள்ள திரும்ப முடியாது."

"சாமி பின்னாடி?"

"காப்புக் கட்டுன அத்தன பேரும் போவணும். சாமிய தனியா வுடப்புடாது."

உத்திராபதி பீடியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சூரனைப் பார்த்தேன். அதற்கப்புறம் நாங்கள் வானிலை பற்றிப் பேசினோம்.

நவம்பர் 7

மழை. காற்று வேறு மாதிரி அடிக்கிறது. போகிறேன்.

நவம்பர் 8

மையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். தோள் வலிக்கிறது, ஏதோ சுளுக்கு.

நேற்று மத்தியானம் சூரன் புறப்பட்டபோதே மழை சாட்டையால் அடித்தது. எதிரில் பல்லக்கில் முருகன், பக்கத்தில் ஒரு கையில் வேலும் மறு கையில் குடையுமாகக் குருக்கள். சூரன் வழக்கம்போலப் பாய்ந்தான், பின்வாங்கினான், தலையைச் சிலுப்பினான். நனைந்து ஒரு பக்க மீசை தொங்கிவிட்டது, அப்போதும் மிடுக்குக் குறையவில்லை. தேரடி வந்தது. குருக்கள் வேலை ஓங்கினார்.

சூரன் நிற்கவில்லை. மேற்கே திரும்பினான். வலது தண்டில் யாரோ நன்றாக அமுக்கியிருக்க வேண்டும்.

"ஓய் உத்திராபதி! எங்கய்யா போற?" என்று குருக்கள் அலறினார்.

"நான் போவல சாமி, சூரன் போறான்!" என்று வேட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

சூரன் ஓடினான். பெரிய தெருவைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, வாய்க்கால் கரையில் ஏறி ஓடினான். பின்னாலேயே பல்லக்கு, அதன் பின்னால் மேளக்காரர், நாயனக்காரர், பெண்கள், குழந்தைகள், சைக்கிள், ஆடு. காப்புக் கட்டாதவர்கள் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். வைரக்கண்ணு எல்லோருக்கும் முன்னால் மெகாபோனோடு ஓடினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம். கூட்டத்தில்தான் எங்கோ இருந்தேன். சூரனுக்கு அடியில் இருப்பவர்களுக்கு முன்னால் போகிறவரின் குதிகால் மட்டும்தான் தெரியுமாம், தலைக்கு மேல் மூங்கில் கிரீச் கிரீச் என்று கத்துமாம், பச்சைத் தண்ணீர் கழுத்தில் வழியுமாம். கேள்விப்பட்டேன்.

சூரன் பாலத்தைத் தாண்டினான். முருகனும் தாண்டினார். திரும்பிப் பார்த்தால் (குனிந்துதான் பார்க்க முடிந்தது) பாலத்தில் கால்களாக ஓடி வந்தன. இரண்டு கால்கள் மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம், விளிம்பில் நின்றன. மெட்டி தேய்ந்த, சேறு அப்பிய கால்கள். யாருடையவை என்று எனக்குத் தெரியும். தண்டு தோளில் அழுத்தியது. அழுத்தியிருக்கும், தூக்கியவர்களுக்கு.

பிறகு அந்தக் குரல் கேட்டது. "எலே முருகா, நீயே எல்லையத் தாண்டிப் போனா நான் யாரக் கும்புட்டுக்கிட்டு இங்க நிக்கிறது? இரு, இந்தா வாறேன்!"

கால்கள் பாலத்தில் ஏறின. நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மேலவெளிப் பள்ளி மைதானத்தில் சூரன் ஒருவழியாக நின்றான். வதம் நடந்தது. சூரன் மாமரமாக மாற வேண்டும், அங்கே வேப்பமரம்தான் இருந்தது. குருக்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு வேப்பங்கிளையில் வேலைக் குத்தினார். அதற்கப்புறம் காற்று யாரையும் வெளியே நிற்க விடவில்லை. சாமி, சூரனின் வெட்டிய தலை, ஊர், ஆடு எல்லாம் மையத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். இரவு முழுக்க என்ன சத்தம் என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. குழந்தைகள் சூரன் தலையின் பின்னால் ஒளிந்துகொண்டு தூங்கின.

காலையில் வைரக்கண்ணு பாலத்து வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இருக்கும் அமிர்தவல்லியின் தெருவில் கூரைகள் மட்டும் தெரிகின்றனவாம். அமிர்தவல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் புடவையின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பச்சை. விரலையும் பார்த்தார். பச்சை.

"இது தண்ணியில போவாது" என்றார். "மண்ணெண்ணெ போட்டுத் தேய்க்கணும்."

சேலைத் தலைப்பால் என் கழுத்தைத் துடைத்துவிட்டார்.

மத்தியானம் மையத்திலேயே திருக்கல்யாணம். கல்யாண விருந்து உப்புமா. இந்தத் தடவை அமிர்தவல்லி கிண்டினார், அதனால் கட்டி தட்டவில்லை. எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். என் முடிச்சு நனைந்து இறுகிப்போயிருந்ததால் அமிர்தவல்லி பல்லால் கடித்து அவிழ்த்தார்.

நவம்பர் 10

தண்ணீர் வடிந்தது. அமிர்தவல்லியின் வீட்டில் ஜன்னல் வரை சேறு, கூரை இல்லை. ஊரே சேர்ந்து அள்ளுகிறது, நானும் அள்ளினேன். திருவாரூரிலிருந்து மகள் போன் செய்தாளாம், நவம்பர் மாதத்தில் மாங்காய் வேண்டுமாம். "கொழுப்பப் பாத்தியளா" என்று மண்வெட்டியோடு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார்.

நவம்பர் 11

அலுவலகத்தைக் கழுவினேன். கத்தரிக்கோல் டிராயரில்தான் இருந்தது, எப்போதும் இருக்கும் இடத்திலேயே.

மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். அந்தத் தர்மபுரி இடத்தை ஐந்தாம் தேதி யாரும் எடுக்கவில்லையாம், அப்புறம் புயலால் இன்னும் நிரப்பப்படவில்லையாம். "உங்களுக்கு அதிர்ஷ்டம்மா, நாளைக்கே வந்து கையெழுத்துப் போட்டா உங்களுக்குத்தான்" என்றார் கண்காணிப்பாளர்.

"வர முடியாதுங்க சார். காப்புக் கட்டியிருக்கேன், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது."

"அடடா. எப்பம்மா அவிழ்ப்பாங்க?"

கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் மஞ்சள் தடம்கூட மங்கிவிட்டது.

"தெரியலைங்க சார்" என்றேன்.